செத்துப் பிழைத்தவன்

பர்பாங்க்கில் ஓர் ஓட்டலின் நடனக்கூடம்.
வாசலில் வைக்கோல் கட்டு, வாடகை வண்டிச்சக்கரம்.
பட்டியலோடு நின்ற பெண்
என் பெயரை இரண்டு முறை தேடினாள்.
மேசை இருபத்து மூன்று, சமையலறைக் கதவை ஒட்டி.
கதவு திறக்கும்போதெல்லாம் வெங்காய வாடை
மேடைவரை போய்த் திரும்பியது.

நான் நாயகன் இல்லை. வில்லனும் இல்லை.
வில்லனுக்குப் பின்னால் நிற்பவன்.
ஏழு ஆண்டு, மூன்று தொடர், நாற்பத்தொரு சாவு.
நின்றபடி சரிந்தால் பதினைந்து டாலர்.
குதிரையிலிருந்து என்றால் நாற்பது.
கூரையிலிருந்து எழுபது, மெத்தை அவர்கள் செலவு.
செத்துச் செத்துத்தான் பிழைத்தேன்.
பல்செட்டு, இரண்டு விவாகரத்து, வான் நைஸில் ஒரு வீடு
எல்லாம் அந்தச் சாவுகளின் சம்பாத்தியம்.

வசனமும் ஒன்று உண்டு:
"அந்தக் கிணத்துத் தண்ணி ஆகாது, ஷெரிஃப்."
சொல்லி முடிக்குமுன் சுட்டுவிட்டார்கள்.

டெல்பர்ட் சினிஜினி நவஹோ நிலத்துக்காரன்.
முழுப் பாய்ச்சலில் போகும் குதிரையிலிருந்து
யாரோ பின்னால் கூப்பிட்டதுபோல்
திரும்பி விழுவான்.
எனக்கு அது கடைசிவரை வரவில்லை.
அதே குதிரை, அதே மண்.
எனக்கு நாற்பது, அவனுக்குப் பதினெட்டு.
செவ்விந்தியன் செவ்விந்தியனாக வருவதில்
நடிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார்
சம்பளம் போடுகிறவர்.
எனக்குப் பழுப்புச் சாயம் பூசி
அவன் பக்கத்தில் நிறுத்துவார்கள்.
சாயத்துக்கு மட்டும் மூன்று டாலர் கூடுதல்.
இருவரும் சேர்ந்து சிரித்தோம் என்றுதான்
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

இன்று கிளெல் ஹேவர்ட்டிக்கு வெண்கலப் பூட்ஸ்.
வயது தொண்ணூறு. ஒரு கை மைக்கில்,
மறு கை நர்ஸின் தோளில்.
"என் ஷெரிஃப் யாரையும் முதலில் சுட்டதில்லை" என்றார்.
கூடமே எழுந்து நின்றது. நானும் நின்றேன்.
என்னைச் சுட்டது பதினோரு முறை.
அதில் இரண்டு முதுகில்.

பிறகு விளக்கை அணைத்தார்கள்.
பிரிந்தவர்களுக்கு அஞ்சலி. வயலின்.
படம், பெயர், ஆண்டு.
சலூன் நடத்திய ஆர்டித்.
வண்டிக்காரனாக வந்த தடித்த மனிதர்.
வெள்ளைக் குதிரை ஒன்று, அதற்கும் பெயர்.
அடுத்து:
ஆர்வில் ஸ்டக்கி.

அது நான்.

முள்கரண்டியில் உருளைக்கிழங்கு, பாதி வழியில்.
கைதட்டினார்கள்.
நாற்பத்தொரு சாவுக்கும் வராத கைதட்டல்.
காமிரா நகரும்வரை மூச்சு விடக்கூடாது,
தொழில் அப்படி.
விடவில்லை.

அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன்.
குதிரைக்கும் மண்ணுக்கும் நடுவில், வெறும் காற்றில்,
யாரோ கூப்பிட்டதுபோல்
திரும்பிக்கொண்டிருந்தான் ஒருவன்.

எழுந்து கத்தியிருக்கலாம்.
அதற்குள் வேறு முகம், வேறு ஆண்டு.
குதிரையின் பெயரில் மட்டும் பிழை இல்லை.

இனிப்பு வரும்வரை உட்கார்ந்திருந்தேன் என்பதையும்
சொல்லிவிட வேண்டும். பீச் பழப் பை.
சாப்பிட்டேன்.

வெளியே அந்தப் பெண் மேசையை மடக்கிக்கொண்டிருந்தாள்.
தப்பு நடந்துவிட்டது என்றேன்.
மார்பில் குத்தியிருந்த பெயரட்டையைப் படித்தாள்,
என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள்.
"ஐயோ, நீங்கள் உயிரோடு..."
அது பரவாயில்லை, பழகியது.
படத்தில் இருந்தவன் பெயரை எழுதிக்கொள் என்றேன்.

பேனா எழுதவில்லை. பென்சில் எடுத்தாள்.
"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

நான்கு வருஷம் ஒரே புழுதியைத் தின்றவர்கள்.
அழைப்புத் தாளில் அவன்
"செவ்விந்தியன், எண் நான்கு."
அந்தப் பெயரை எழுதி நான் பார்த்ததே இல்லை.

காதில் இருந்ததைச் சொன்னேன்.
மறுபடி சொல்லச் சொன்னாள்.
மறுபடி சொன்னேன்.